ஹெட் போல்ட் பிளாக்குக்குள் முறிந்து நிற்கிறது: எந்த வழியை முதலில் எடுப்பது?

வடகடல் விசைப்படகு (மண்டபம்):

அனைவருக்கும் வணக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் விசைப்படகைக் கரையேற்றி, அதன் ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினை வெளியே இறக்கி முழு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறோம். லாரியில் வரும் வார்ப்பிரும்புப் பிளாக்தான் (சிலிண்டர்கள் அமைந்த இன்ஜின் உடல்). குளிர்விப்பை மட்டும் கடலுக்கு ஏற்றபடி மாற்றியிருக்கிறார்கள். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றும்போது முன்பக்க ஓரத்தில், தண்ணீர்க் குழாய் சேரும் இடத்துக்குக் கீழே இருந்த ஒரு போல்ட் கொஞ்சம் திரும்பியதும் அப்படியே முறிந்துவிட்டது. அந்த இணைப்பில் நீண்ட நாட்களாக நீர் கசிந்திருக்க வேண்டும். வெளியே வந்த பாதியின் கழுத்து துருவால் அரிக்கப்பட்டு, மற்ற போல்ட்டுகளைவிடத் தெளிவாக மெலிந்திருக்கிறது.

மற்ற போல்ட்டுகள் எல்லாம் வந்துவிட்டன, ஹெட்டும் இறங்கிவிட்டது. முறிந்த துண்டு பிளாக்கின் மேல்முகத்துக்குக் கீழே உள்ளடங்கி நிற்பதால் பிளையரோ பைப் ரெஞ்சோ பிடிக்க வழியில்லை. போல்ட் 12 மி.மீ. தடிமன், மரை 1.75 பிட்ச் (மரைக்கு மரை 1.75 மி.மீ. தூரம்). லைனர்களை (சிலிண்டரின் உட்குழாய்கள்) உருவியாகிவிட்டது, கிராங்க் தண்டு மட்டும் இன்னும் உள்ளே இருக்கிறது.

எங்கள் மெக்கானிக் நடுவில் துளை போட்டு ஈசி அவுட் (முறிந்த போல்ட்டை உள்ளிருந்து கவ்வித் திருப்பும் கருவி) இறக்கித் திருப்பிவிடலாம் என்கிறார். உறவினர் ஒருவர், படிகாரத்தைக் கரைத்து ஊற்றினால் போல்ட் தானாகக் கரைந்துவிடும் என்று ஒரு காணொளியை அனுப்பியிருக்கிறார். பிளாக் கெட்டுப்போனால் இந்தப் பருவமே போய்விடும் என்பதால், கை வைப்பதற்கு முன் அனுபவம் உள்ளவர்களின் கருத்தைக் கேட்டுவிட நினைக்கிறேன். எங்களிடம் கை டிரில், ஆர்க் வெல்டிங், கேஸ் வெல்டிங் மூன்றும் உண்டு. உச்சிப்புளியில் லேத்து வேலைக்கும் ஆள் கிடைக்கும்.

கீழக்கரை லேத்துக்காரர்:

வணக்கம் ஐயா. கை வைப்பதற்கு முன் கேட்டது நல்லது. இப்படிப்பட்ட வேலைகள் எங்களிடம் வரும்போது பெரும்பாலும் முறிந்த போல்ட்டுக்குள் முறிந்த ஈசி அவுட்டும் சேர்ந்தேதான் வருகிறது.

படிகாரப் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். சூடான படிகாரக் கரைசல் இரும்பையும் எஃகையும் அரிக்கும். அலுமினியத்தையும் பித்தளையையும் அவ்வளவாகத் தொடாது. அலுமினிய ஹவுசிங்கில் மரை வெட்டும் டேப் முறிந்து நின்றால் அந்தப் பாகத்தையே கரைசலில் போட்டுக் கொதிக்க வைத்து எடுப்பார்கள், அது உண்மைதான். உங்கள் பிளாக் வார்ப்பிரும்பு. போல்ட்டைத் தின்னும் கரைசல் மரையையும் சேர்த்துத் தின்றுவிடும். உறவினருக்கு நன்றி சொல்லிவிட்டு அதை மறந்துவிடுங்கள்.

அடுத்து, போல்ட் எப்படி முறிந்தது என்பதைப் பொறுத்துத்தான் துண்டு எவ்வளவு இறுகியிருக்கும் என்பது தெரியும். முறுக்கும்போது அளவு மீறி முறிந்ததென்றாலும், ஓடிக்கொண்டிருக்கும்போது களைப்பால் முறிந்ததென்றாலும், எஞ்சிய துண்டில் பெரிய பிடிப்பு இருக்காது. ஹெட் விலகியதும் இழுவிசையும் போய்விடுவதால், கூரிய உளி முனையால் ஓரத்தில் தட்டினாலே சில நேரம் சுற்றி வந்துவிடும். உங்களுடையது கழற்றும்போது, துருவால், மெலிந்த கழுத்தில் முறிந்தது. துருவாக மாறிய இரும்பு முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கொள்ளும். மரைக்கும் போல்ட்டுக்கும் இடையில் இருந்த நூலளவு இடைவெளியை அந்தத் துரு நிரப்பி நெரிக்கிறது; போதாததற்கு நடுவில் உப்பும் இருக்கிறது. ஆகவே மிக மோசமான வகை என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள்.

ஈசி அவுட்டை நான் மறுப்பது இதனால்தான். சாதாரண ஈசி அவுட் கூம்பு வடிவில் இடப்புறமாக முறுக்கிய மரை கொண்டது. திருப்பத் திருப்ப உள்ளே இறங்கும், இறங்க இறங்க, பனங்கட்டையில் ஆப்பு இறக்குவதைப் போல, துண்டை வெளிப்புறமாக விரிக்கும். ஏற்கெனவே துரு நெரிக்கும் துண்டை உள்ளிருந்து இன்னும் விரித்தால் பிடிப்பு கூடுமே தவிரக் குறையாது. 12 மி.மீ. போல்ட்டையே முறித்த பிடிப்பை, அதற்குள் இறங்கும் 5, 6 மி.மீ. தடிமனுள்ள ஒரு கருவி எப்படி அசைக்கும் என்று உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்கள். அது மிகவும் கடினமாக்கப்பட்ட, ஆகவே நொறுங்கும் தன்மையுள்ள எஃகு. உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதன்மேல் ஒரு கீறல்கூடப் போடாது. கூம்பாக இல்லாமல் நேராக வரிகள் வெட்டிய வகையும் உண்டு. அது அவ்வளவாக விரிக்காது. அதையும் துண்டு கொஞ்சமாவது அசைந்த பிறகுதான் இறக்க வேண்டும்.

கருவியை எடுப்பதற்கு முன் சில அளவுகள் வேண்டும். வெளியே வந்த பாதியை முறியாத இன்னொரு போல்ட்டோடு ஒட்டி வைத்து, உள்ளே எவ்வளவு நீளம் நிற்கிறது என்று கணக்கிடுங்கள். பக்கத்துத் துளையில் கம்பியை விட்டு அதன் முழு ஆழத்தைப் பாருங்கள். அதே துளையில் கொஞ்சம் டீசலை ஊற்றி, நிற்கிறதா, தண்ணீர்ச் சட்டைக்குள் (சிலிண்டரைச் சுற்றிக் குளிர்நீர் ஓடும் அறை) வடிகிறதா என்பதையும் கவனியுங்கள். மேல்முகத்திலிருந்து துண்டு எத்தனை மி.மீ. கீழே இருக்கிறது, அந்த இடைவெளியில் மரை தெரிகிறதா என்பவற்றையும் எழுதுங்கள். இவை தெரிந்தால் மேற்கொண்டு சொல்கிறேன்.

தங்கச்சிமடம் வெல்டிங்:

லேத்துக்காரர் அண்ணன் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் டிரில்லைத் தொடுவதற்கு முன் நட்டு வைத்து வெல்டிங் செய்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. கடற்கரையில் துருப்பிடித்த போல்ட்டுகளில் இந்த வழி கைகொடுத்த அளவுக்கு வேறொன்றும் எனக்குக் கைகொடுத்ததில்லை. அதற்குக் காரணம் நட்டு கொடுக்கும் பிடி மட்டுமன்று, வெப்பம்தான். துண்டின் நடுவில் வெல்டிங் குழம்பு விழும்போது துண்டு சிவந்து விரிய முயல்கிறது. சுற்றியிருக்கும் குளிர்ந்த பிளாக் விரிய விடாமல் தடுப்பதால் நசுங்குகிறது. ஆறும்போது முன்பிருந்த அளவுக்கும் சற்றுக் குறைவாகச் சுருங்குகிறது. இந்த விரிவிலும் சுருக்கத்திலும் துருப் படலம் நொறுங்கிவிடும்.

பிளாக்கைச் சுற்றிலும் கேஸ் வைத்துச் சூடாக்கினால் இது நடக்காது. வார்ப்பிரும்பும் எஃகும் சூட்டில் ஏறக்குறைய ஒரே அளவில்தான் விரியும். இரண்டும் சேர்ந்து சூடானால் இடைவெளி அப்படியே இருக்கும். போல்ட் மட்டும் சூடாக வேண்டும். சிலிண்டருக்கும் தண்ணீர்ச் சட்டைக்கும் இடையிலுள்ள மெல்லிய சுவரில் ஒரே இடத்தில் தீயைக் காட்டுவது விரிசலுக்கு வழி என்பதையும் மறக்கக்கூடாது.

துண்டு உள்ளடங்கியிருப்பதால் கவனமாகச் செய்ய வேண்டும். ஃப்ரிட்ஜுக்குப் பயன்படும் மூன்றெட்டு அங்குலச் செம்புக் குழாயில் ஒரு சிறு துண்டை வெட்டித் துளைக்குள் நிறுத்தினால், அதன் வெளிவிட்டம் 9.5 மி.மீ. என்பதால் 12 மி.மீ. மரைக்குள் இறங்கி நிற்கும். தெறிக்கும் குழம்பு மரையில் ஒட்டாமல் அது காக்கும். 2.5 மி.மீ. ராடால், நன்றாகக் காய்ந்த லோ ஹைட்ரஜன் வகையாக இருந்தால் மேலும் நல்லது, துண்டின் நடுவில் மட்டும் குழம்பை அடுக்கிக்கொண்டே மேல்முகத்துக்குச் சற்று மேலே வரை கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் கசடைத் தட்டிச் சுத்தம் செய்யாவிட்டால் எல்லாம் அங்கேயே பிரிந்துவிடும். மிக் வெல்டிங் கிடைத்தால் கசடுத் தொல்லையே இல்லை. பிறகு மேலே ஒரு வாஷர், அதன்மேல் போல்ட்டைவிட ஒரு அளவு பெரிய நட்டு. நட்டின் துளை வழியாக உட்பக்கத்தை நிரப்ப வேண்டும்.

எர்த் கிளாம்பைப் பிளாக்கிலேயே, வேலை நடக்கும் இடத்துக்கு அருகில் மாட்டுங்கள். கிராங்க் உள்ளே இருக்கிறது என்கிறீர்கள். எர்த்தை அதன் முனையில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதன் முகத்தைப் பொரித்துவிடும். டீசலில் நனைந்த துணிகளையும் அப்புறப்படுத்திவிடுங்கள்.

வெல்டிங் முடிந்தவுடன் திருப்பக் கூடாது. சிவப்புப் போய், கையை அருகில் கொண்டுபோனால் சூடு தெரியும் அளவுக்கு ஆறியதும், ஓரத்தில் மெழுகுவர்த்தியை வைத்துத் தேய்த்தால் மெழுகு உருகி மரைக்குள் இழுத்துக்கொள்ளும். பிறகு கழற்றும் பக்கம் மட்டும் திருப்பாமல், முதலில் முறுக்கும் பக்கம் சற்று, பிறகு கழற்றும் பக்கம் சற்று என்று அசைத்துப் பாருங்கள். நட்டு பிய்ந்து வந்தால் கவலை வேண்டாம், வேறு நட்டு வையுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு சூட்டுச் சுற்று நடந்திருக்கிறது என்பதால் அந்த வேலை வீணாகாது. தண்ணீரை மட்டும் எந்தக் காரணத்துக்கும் ஊற்றாதீர்கள்.

கீழக்கரை லேத்துக்காரர்:

வெல்டிங் தம்பி சொன்ன முறை நல்ல முறை. ஆனால் அவர் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. ஹெட் போல்ட்டுகள் சாதாரண மைல்டு ஸ்டீல் அல்ல, பெரும்பாலும் 8.8 அல்லது 10.9 தரத்தில், வெப்பப் பதம் கொடுத்த எஃகு. அதை வெல்டிங் சூட்டில் சிவக்க வைத்தால், சுற்றியுள்ள பெரிய இரும்புத் திரள் சூட்டை விரைவாக உறிஞ்சி அதற்கு மீண்டும் பதம் கொடுத்துவிடும். வெல்டிங் தோற்ற பிறகு டிரில் செய்ய வருகிறவர் முன்பைவிடக் கடினமான ஒரு துண்டோடு போராட வேண்டும். வெல்டிங் குழம்பு தவறி மரைச் சுவரில் உருகி ஒட்டினால் இன்னும் கேடு: எஃகும் வார்ப்பிரும்பும் கலந்து ஆறிய அந்த இடம் கண்ணாடித் தன்மையோடு இறுகிவிடும், டேப் அதில் இறங்காது.

வெல்டிங் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இப்போது செய்யும் வேலை தோற்றாலும் அடுத்த வேலைக்கு வழி அடைபடாத வரிசையில் செய்ய வேண்டும் என்கிறேன். நடுவில், சரியான மையத்தில் 5 மி.மீ. துளையை முதலில் போட்டுவிட்டு அதன் பிறகு வெல்டிங் செய்தால், குழம்பு அந்தத் துளைக்குள் இறங்கி நன்றாகக் கவ்வும். ஒருவேளை வெல்டிங் தோற்றாலும் மையம் எங்கே என்பது தெரிந்திருக்கும். துண்டின் அடி வரை துளை போய்விட்டால், எண்ணெயை அடியிலிருந்தும் மரைக்குள் ஏற வைக்கலாம்.

தொண்டித் தம்பி:

குறுக்கே வருவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊடுருவும் எண்ணெய் என்று கடையில் விற்பது போதுமா, அல்லது பலரும் சொல்வதுபோல் அசிட்டோனையும் தானியங்கி கியர் எண்ணெயையும் சம அளவில் கலந்து ஊற்ற வேண்டுமா? எங்கள் பக்கத்தில் மண்ணெண்ணெயும் பிரேக் ஆயிலும் ஊற்றுவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

தங்கச்சிமடம் வெல்டிங்:

எதை ஊற்றினாலும் ஓர் இரவாவது ஊற விட்டு, இடையிடையே துண்டின் தலையில் இரும்புப் பஞ்ச் (தட்டும் முனைக் கம்பி) வைத்துச் சுத்தியலால் அளவாகத் தட்ட வேண்டும். எண்ணெய் இறங்குவதற்கு அந்த அதிர்வுதான் வழி திறக்கும். அசிட்டோன் கலவை மெல்லியது, நன்றாக இறங்கும், ஆனால் எளிதில் தீப்பிடிக்கும். அதை ஊற்றிய துளையில் அன்றே வெல்டிங் வைப்பது ஆபத்து. நன்றாக ஆவியாக விட்டு, காற்றடித்துத் துடைத்த பிறகே தீயை அருகில் கொண்டுவர வேண்டும்.

வடகடல் விசைப்படகு (மண்டபம்):

கேட்ட அளவுகளை எடுத்துவிட்டேன். முழு போல்ட் தலைக்குக் கீழே 135 மி.மீ.; முறிந்து வந்த பாதி 101 மி.மீ. ஆகவே 34 மி.மீ. உள்ளே நிற்கிறது. துண்டின் முகம் பிளாக்கின் மேல்முகத்திலிருந்து 6 மி.மீ. கீழே, சாய்வாக முறிந்திருக்கிறது. அந்த 6 மி.மீ.யில் மேலே 2 மி.மீ. சரிவாக வெட்டியிருக்கிறது, மீதி இடத்தில் மரை நன்றாகத் தெரிகிறது. பக்கத்துத் துளையின் ஆழம் 48 மி.மீ., ஊற்றிய டீசல் அப்படியே நிற்கிறது, வடியவில்லை.

கீழக்கரை லேத்துக்காரர்:

அருமையான அளவுகள். துண்டின் அடி மேல்முகத்திலிருந்து 40 மி.மீ.யில் முடிகிறது, துளை 48 வரை போகிறது. பக்கத்துத் துளை அடி மூடியது என்பதால் இதுவும் அப்படியே இருக்கும். அடியில் 8 மி.மீ. வெற்றிடம் உண்டு, டிரில் பிட் துண்டைத் தாண்டினாலும் உடனே பிளாக்கின் அடியைத் தொடாது. இருந்தாலும் பிட்டில் 40 மி.மீ. அளவுக்கு ஒட்டும் டேப்பைச் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

துண்டுக்கு மேலே மரை தெரிகிறது என்பது பெரிய வசதி. சாய்வான முகத்தில் சென்டர் பஞ்ச் அடித்து, கை டிரில்லை வைத்தால் பிட் பள்ளத்தை நோக்கி நழுவும். போல்ட் கடினம், வார்ப்பிரும்பு மென்மை என்பதால், நழுவிய பிட் மென்மையான பக்கமாகவே போய் மரையைத் தின்னும். அதற்கு லேத்தில் ஒரு புஷ் கடையச் சொல்லுங்கள்: வெளியே 12 மி.மீ. தடிமனில் 1.75 பிட்ச் மரை, மேலே மேல்முகத்தில் படியும் அகலமான விளிம்பு, நடுவில் துல்லியமாக 5 மி.மீ. துளை. மரைப் பகுதி விளிம்புக்குக் கீழே 5.5 மி.மீ. நீளம் இருந்தால் போதும். துளைக்குள் அதை முறுக்கினால், மேலே எஞ்சியிருக்கும் இரண்டு மரையைப் பிடித்துத் தானாகவே நடுவில் நிற்கும். நீங்கள் எப்படிப் பிடித்தாலும் பிட் மையத்தைவிட்டு விலக முடியாது. வெள்ளி எஃகில் (சில்வர் ஸ்டீல் என்னும் கருவி எஃகு) கடைந்து பதம் கொடுத்தால் நல்லது, இல்லையென்றால் ஒரு முறிந்த ஹெட் போல்ட்டின் தண்டிலேயே கடையலாம்.

முகத்தின் சாய்வை முதலில் சிறிய தட்டை முனை பர்ரால் (சுழன்று அரைக்கும் முனை) சமப்படுத்திவிடுங்கள். 5 மி.மீ. கோபால்ட் பிட்டை நிமிடத்துக்கு 700 சுற்றுக்கு மேல் போகாமல் ஓட்ட வேண்டும். நம் ஊர்க் கை டிரில்கள் 2,000, 3,000 என்று சுற்றும். வேகத்தைக் குறைக்க முடியாத இயந்திரம் என்றால் வேறொன்றை வாங்கிக்கொண்டு வருவதுதான் நல்லது. அழுத்தம் விடாமல் இருக்க வேண்டும், எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், சுருள் சுருளாகத் தூள் வர வேண்டும். தூள் வராமல் பிட் வெறுமனே தேய்ந்து சுற்றினால் உடனே நிறுத்துங்கள். இன்னும் சில நொடிகளில் பிட்டின் முனை போய்விடும். இடப்புறம் சுற்றி வெட்டும் பிட் கிடைத்தால், டிரில்லைப் பின்னோக்கி ஓட்டியே துளை போடலாம். பிட் கவ்வும் தருணத்தில் துண்டு தானாகச் சுழன்று மேலே வந்துவிடுவதும் உண்டு.

டிரில்லைத் தொடும் முன், கிராங்குக்கு மேலே உள்ள எல்லா வாய்களையும், முக்கியமாக எண்ணெய் போகும் சிறு துளைகளையும், கிரீஸ் தடவிய துணியாலும் டேப்பாலும் அடையுங்கள். ஒரு துளியளவு எஃகுத் தூள் எண்ணெய்ப் பாதைக்குள் போனால் புதிய பேரிங் போட்ட செலவு முழுவதும் தண்ணீரில் போகும். காற்றடித்துத் தூளை ஓட்டாமல், காந்தத்தாலும் வேக்குவத்தாலும் எடுங்கள்.

துளை அடி வரை போனதும் எண்ணெய் ஊற்றி ஊற விட்டு, பிறகு வெல்டிங் தம்பி சொன்னபடி நட்டை வையுங்கள். மேல் பாதியை மட்டும் குழம்பால் நிரப்பினால் போதும். அப்படியும் வரவில்லை என்றால் அடுத்த வழி, துளையைப் படிப்படியாகப் பெரிதாக்கி, மரையின் உட்சுவரைத் தொடுவதற்குச் சற்று முன் 9.5 மி.மீ.யில் நிறுத்தி, எஞ்சிய மெல்லிய ஓட்டைச் சிறு உளியால் உள்நோக்கி மடக்கிச் சுருளாக உருவுவது. 12 மி.மீ. மரைக்கான சரியான துளை அளவு 10.2 என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் எங்கே நிறுத்துவது என்பது தெளிவாக இருக்கும். வெல்டிங்கில் பதம் ஏறிய பகுதிக்குக் கார்பைடு பிட் தேவைப்படும். அது கை நடுங்கினாலே முறியும், ஆகவே காந்த டிரில் ஸ்டாண்டு இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

பழைய இன்ஜின் டிரைவர் (பாம்பன்):

இரண்டு பேரும் தொழிலை நன்றாகவே சொல்லியிருக்கிறீர்கள். கேஸ் வெல்டிங்கில் கை தேர்ந்த சிலர் ஆக்சிஜன் கட்டிங் டார்ச்சால் துண்டையே ஊதி எடுப்பார்கள் என்பதைச் சேர்த்துக்கொள்கிறேன். எஃகு ஆக்சிஜனில் எரிந்து ஓடும், கரி மிகுந்த வார்ப்பிரும்பு அப்படி எளிதில் வெட்டுப்படாது. அதனால் மரை தப்பி, போல்ட் மட்டும் குழம்பாகி வெளியேறும். கேட்பதற்கு எளிது. அது கைவந்த ஆள் உங்கள் கண்முன் பழைய பிளாக்கில் செய்து காட்டினால் ஒழிய, அதை நம்பி இந்தப் பிளாக்கைக் கொடுக்காதீர்கள்.

எல்லாம் தோற்று, உள்ளே கார்பைடு பிட்டும் முறிந்தாலும் பிளாக்கைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. டை செய்யும் பட்டறைகளில் ஸ்பார்க் எரோஷன் இயந்திரம் இருக்கும். செம்பு அல்லது கிராஃபைட் முனையிலிருந்து சிறு மின்பொறிகளைப் பாய்ச்சி, எவ்வளவு கடினமான எஃகையும் துகள் துகளாக அரித்து எடுத்துவிடும். முறுக்கும் விசை எதுவும் இல்லை, மரைக்கும் சேதம் இல்லை. கோயம்புத்தூரில் இந்த வேலைக்குப் பஞ்சமில்லை. பிளாக்கை வண்டியில் ஏற்றி அனுப்பும் செலவு புதிய பிளாக்கின் செலவோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை.

நான் சொல்ல வந்தது துண்டு வெளியே வந்த பிறகு நடப்பவை பற்றி. போல்ட் வந்துவிட்ட மகிழ்ச்சியில் எல்லோரும் அங்கேயே அவசரப்படுகிறார்கள். எல்லா ஹெட் போல்ட் துளைகளிலும் துருவும் உப்பும் எண்ணெய்ச் சேறும் இருக்கும். புதிய மரை வெட்டும் டேப்பை விட்டால், நல்ல மரையின் சதையையும் கொஞ்சம் சீவிவிடும். ஒரு நல்ல பழைய போல்ட்டின் மரையில் நீளவாக்கில் மூன்று பள்ளங்களைக் கிரைண்டரால் வெட்டி, ஓரத்தைச் சீவி, எண்ணெயோடு உள்ளே விட்டு எடுங்கள். அழுக்கு பள்ளத்தில் சேரும், மரை அப்படியே இருக்கும்.

அடி மூடிய துளை என்று சொன்னீர்கள் அல்லவா, அதில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருக்கும்போது போல்ட்டை முறுக்கினால், போக இடமில்லாத திரவம் அமுக்கத்தில் பிளாக்கின் அடிச்சுவரையே பிளந்துவிடும். விரிசல் வெளியே தெரியாது. இன்ஜின் சூடேறிய பிறகுதான் எண்ணெயில் தண்ணீர் கலக்கும். பரிசோதனைக்காக ஊற்றிய டீசலை முதலில் பஞ்சால் உறிஞ்சி எடுங்கள், காற்றடித்து உலர வையுங்கள், போல்ட் மரையில் மட்டும் விரலால் மெல்லிய எண்ணெய் தடவுங்கள். மரை துருவேறி இறுகாமல் காக்கும் ஆன்டி சீஸ் பசையைக் கடற்கரையில் எல்லாரும் எல்லா இடத்திலும் பூசுகிறார்கள். வெளிப்பக்க போல்ட்டுகளுக்குச் சரி, ஹெட் போல்ட்டுக்கு வேண்டாம். உராய்வு குறைந்து, அதே டார்க் (முறுக்கு விசை) அளவில் போல்ட் கூடுதலாக இழுபட்டு நீண்டுவிடும். கையேட்டில் எந்த எண்ணெய் என்று சொல்லியிருக்கிறதோ அதே எண்ணெய், அதே டார்க்.

மீதி போல்ட்டுகளை மீண்டும் போடுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன், போடாதீர்கள். ஒன்றின் கழுத்தை அரித்த அதே தண்ணீர் பக்கத்தில் நின்றவற்றையும் தொட்டிருக்கும். எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தி நீளத்தையும், வெர்னியரால் கழுத்துத் தடிமனையும் அளந்து பார்த்தால் உங்களுக்கே தெரியும். கசிந்த அந்தத் தண்ணீர் இணைப்பைச் சரி செய்யாமல் ஹெட்டை ஏற்றுவதும் பயனற்றது.

வடகடல் விசைப்படகு (மண்டபம்):

எல்லோருக்கும் நன்றி. துண்டு வந்துவிட்டது. உச்சிப்புளியில் புஷ் கடைந்து வாங்கி, 5 மி.மீ. துளையை அடி வரை போட்டோம். பிட் கொஞ்சமும் விலகவில்லை. எண்ணெயில் ஊற விட்டு, பிறகு நட்டு வைத்தோம். முதலில் வைத்த நட்டு பிய்ந்துவிட்டது. அடுத்து வைத்ததில், மெழுகு தடவி முன்னும் பின்னுமாக அசைத்தபோது ஓரத்தில் செந்நிறத் தூள் எழும்பி வந்தது, அதன் பிறகு துண்டு மெல்லத் திரும்பி முழுவதும் வெளியே வந்தது. கழுத்துகளை அளந்ததில் முன்பக்கத்து போல்ட்டுகள் சில மெலிந்திருப்பது தெரிந்ததால், முழு செட்டுக்கும் புதியவற்றைச் சொல்லிவிட்டோம்.

ஒரு சந்தேகம் மட்டும் எஞ்சியிருக்கிறது. துளையைச் சுத்தம் செய்து பார்த்ததில், மேலே உள்ள இரண்டு மரை ஒரு பக்கம் தேய்ந்திருக்கின்றன. அதற்குக் கீழே எல்லாம் நன்றாக இருக்கிறது. இதற்கு ஹெலிகாயில் (கெட்ட மரைக்குப் பதிலாக இறக்கும் கம்பிச்சுருள் மரை) போட வேண்டுமா, அப்படியே விடலாமா?

கீழக்கரை லேத்துக்காரர்:

மிக்க மகிழ்ச்சி ஐயா. போல்ட் 40 மி.மீ. உள்ளே போகிறது, மேலே 2 மி.மீ. சரிவு போக 38 மி.மீ. மரை பிடிக்கிறது, 1.75 பிட்ச்சில் இருபதுக்கும் மேற்பட்ட மரைகள். மேலே இரண்டு குறைவதால் மட்டும் பலம் போய்விடாது. பாரத்தில் பெரும் பங்கை முதல் சில மரைகள்தான் தாங்கும் என்பது உண்மை, ஆனால் மேலே உள்ளவை இல்லையென்றால் அந்தப் பங்கு அடுத்தவற்றுக்குப் போகும். தேய்ந்த இரண்டையும் அப்படியே விடாமல், சரிவை இன்னும் சற்றுக் கீழே இறக்கி அவற்றைச் சீவிவிடுங்கள்; அரைகுறையாக நிற்கும் மரை போல்ட் இழுக்கும்போது மேல்நோக்கிப் பிதுங்கி, கேஸ்கெட் படியும் முகத்தில் மேடு கட்டும். சீவிய பிறகு எண்ணெய்க்கல்லால் அந்த இடத்தைத் தேய்த்து, நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள்.

ஹெட்டை ஏற்றுவதற்கு முன்பே மரையைச் சோதித்துவிடலாம். ஹெட்டின் உயரத்துக்குச் சமமான கனத்த இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றை இருமுகமும் சதுரமாக லேத்தில் கடைந்து, துளைக்கு மேலே நிறுத்தி, பழைய போல்ட்டுகளில் நல்லதாக ஒன்றைப் போட்டு, கையேட்டு டார்க் அளவுக்குப் படிப்படியாக ஏற்றுங்கள். ரெஞ்ச் உறுதியாக நின்று, சிறிது நேரம் கழித்து மீண்டும் வைத்தாலும் போல்ட் நகரவில்லை என்றால் ஹெலிகாயில் தேவையில்லை. டார்க் ஏறாமல் மெத்தென்று சுற்றிக்கொண்டே போனால் உடனே நிறுத்தி, 12.5 மி.மீ.க்குத் துளையைப் பெரிதாக்கி, 24 மி.மீ. நீளமுள்ள ஹெலிகாயில் இன்சர்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குரிய டேப்பும் அதே செட்டில் வரும். நீங்கள் கடைந்த அந்தப் புஷ்ஷையே கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால் டேப் நேராக இறங்குவதற்கும் உதவும். சோதனைக்குப் பயன்படுத்திய போல்ட்டை மட்டும் புதியவற்றோடு கலந்துவிடாமல் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.